டயர் படலம்

பி.காம். படித்தவனுக்கு வீட்டில் இரண்டு வேலைகள் நிரந்தரம். ஒன்று, விசேஷங்களில் மொய் எழுதுவது. இன்னொன்று, "எது லாபம்னு கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லேன்" என்று யார் கேட்டாலும் போட்டுச் சொல்வது. மொய் எழுதியதில் இதுவரை ஒரு ரூபாய்கூட உதைத்தது கிடையாது. இரண்டாவது வேலையில் உதைத்த கதைதான் இது.

தம்பி ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். அசோக் லேலண்ட் தோஸ்த். ஒன்றேகால் டன் ஏற்றலாம் என்று கம்பெனி சொல்கிறது. எவ்வளவு ஏற்றுகிறான் என்று நான் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அந்த வண்டியில் ஏறாத சாமான் கிடையாது. மல்லாட்டை மூட்டை (உங்கள் ஊரில் வேர்க்கடலை), கரும்புக் கட்டு, கல்யாணச் சீர் பீரோ, பந்தல் கம்பு, கட்சிக் கூட்டத்துக்கு நாற்காலி... ஒருமுறை ஒரு கன்றுக்குட்டியும் அதன் அம்மாவும். 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததே, ஞாபகமிருக்கிறதா? மயிலத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. தென்பெண்ணை கரை புரண்டு அரசூர் பக்கம் ரோட்டுக்கே வந்து, சென்னை - திருச்சி போக்குவரத்தே நின்றுபோனது. அப்போது சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் பால் பாக்கெட்டும் ரொட்டியும் தண்ணீர் கேனும் அந்த வண்டியில்தான் போயின. வாடகை வாங்கவில்லை. வண்டி டியூ மட்டும் அந்த மாதமும் வழக்கம்போல ஐந்தாம் தேதி வந்து நின்றது.

சரி, டயருக்கு வருகிறேன்.

2023 தை மாதம். வண்டியின் நாலு டயரும் மொட்டை. எஃப்.சி. வருகிறது. "அண்ணா, எந்த டயர் போடட்டும்?" என்று போன் செய்தான். கேட்டிருக்க வேண்டியது ஒரு டிரைவரிடம். என்னிடம் கேட்டான். நான் உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டேன். நம் ஊர்க் கம்பெனி டயர் இன்ன விலை. ஒரு கடையில் வெளிநாட்டு டயர் ஒன்று இருந்தது, அதைவிட ஆயிரத்து ஐநூறு குறைச்சல். நாலுக்கு ஆறாயிரம். கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று இரண்டு தசமஸ்தானம் வரைக்கும் போட்டுக் காட்டினேன். காலேஜில் காஸ்டிங் பேப்பரை இரண்டாவது அட்டெம்ப்ட்டில் பாஸ் செய்தவன் என்பதை மறந்துவிட்டு, என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

"பேரே வாயில நொழைய மாட்டேங்குதேண்ணா."

"பேரை வெச்சாடா ஓட்டப் போறே? சக்கரத்த வெச்சுத்தானே!"

இந்த டயலாக்கை அன்றைக்கு வீட்டில் இரண்டு தடவை சொல்லி, மனைவி சிரிக்கிறாளா என்றுகூடப் பார்த்தேன். (சிரிக்கவில்லை. அவளுக்கு எப்போதுமே முன்யோசனை ஜாஸ்தி.)

2025 புரட்டாசியில் ஒரு கிருத்திகை. மயிலம் முருகனைப் பார்க்க வேண்டும் என்று அம்மா. திண்டிவனத்துக்கு மல்லாட்டை லோடு இருந்தது. கூட்டேரிப்பட்டில் இறக்கிவிடுகிறேன் என்று தம்பி முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டான். விடியற்காலை ஐந்து மணி. கூட்டேரிப்பட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் பின்பக்க இடது டயர் வெடித்தது. வெடி வைத்த மாதிரி சத்தம் என்றான். வண்டி இழுத்துக்கொண்டு போய் நடுத்திட்டில் உரசி, ஒரு அரை வட்டம் போட்டு, வந்த திசையைப் பார்த்தே நின்றது. பின்னால் ஒரு ஆம்னி பஸ் வந்துகொண்டிருந்தது. அந்த டிரைவர் தூங்காமல் இருந்தார். அதனால்தான் இந்தக் கட்டுரையை நான் தமாஷாக எழுத முடிகிறது.

அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு விட்டிருந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். நான் ஓடிப் போய் நின்றபோது, "ஒண்ணுமில்லடா பெரியவனே, முருகன் கைய மட்டும் எடுத்துக்கினு உசுர உட்டுட்டான்" என்றாள். தம்பி எதுவும் சொல்லவில்லை. "நீதானே அந்த டயரை வாங்கச் சொன்ன" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். நாலு நாள் கழித்து, "புது டயர் போடணும். இந்த வாட்டியும் நீயே பாத்து வாங்கிக் குடுத்துடுண்ணா" என்றான். அவ்வளவுதான்.

அதற்கு மேல் எனக்கு நோட்டுப் புத்தகம் எடுக்கக் கை வரவில்லை.

வெடித்த டயர் கிராமத்து வீட்டு வாசலில் வேப்ப மரத்தில் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் பைபாஸ் பஞ்சர் கடைச் சேட்டன் வந்தார். ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்தவர், கூலி பாக்கி வாங்க வந்திருந்தார். சென்னையிலிருந்து திருச்சி வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் டீக்கடையும் பஞ்சர் கடையும் சேட்டன்கள் இல்லாமல் ஏது! இவர் கோட்டயம் பக்கம். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவராம். வெடித்த டயரைப் புரட்டி, உள்பக்கமாக இருந்த பக்கவாட்டைத் துணியால் துடைத்தார்.

"சாரே, இது கண்டோ? இங்க ஒரு முட்டைக்குள்ள நாலு நம்பர் உண்டு."

0818.

"முதல் ரெண்டு, வாரம். பின்ன ரெண்டு, வருஷம். 2018-ல எட்டாவது வாரம் பொறந்த டயர் இது."

அதாவது பிப்ரவரி 2018. நான் அதை வாங்கிக் கொடுத்தது 2023 தையில். கடையில் இருந்து இறங்கும்போதே அதற்கு ஐந்து வயது! மாப்பிள்ளைக்கு முப்பது வயது என்று சொல்லிக் கட்டி வைத்துவிட்டு, பத்தாம் கிளாஸ் சர்டிபிகேட்டைப் பார்த்தால் நாற்பத்தைந்து என்று தெரிந்தால் பெண் வீட்டார் முகம் எப்படி இருக்கும்? அப்படி நின்றேன். அந்த நம்பர் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்குமாம். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் அப்புறம் யார் பார்க்கப் போகிறார்கள்?

"ரப்பருக்கும் வயசு உண்டு சாரே. ஓடினாலும் உண்டு, ஓடாம கிடந்தாலும் உண்டு" என்றார். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு ரப்பர் இறுகிப்போகும். சின்னச் சின்ன வெடிப்பு விழும். உள்ளே கம்பி வலைக்கும் ரப்பருக்கும் இருக்கிற பிடிப்பு தளரும். வரிகளெல்லாம் புதுசு மாதிரியே இருக்கும், ஆனால் லோடு ஏற்றி, காற்றும் கொஞ்சம் குறைவாக இருந்து, தார் ரோட்டில் சூடேறினால் ஒரு நாள் பிரிந்துகொள்ளும். திருவக்கரையில் கல்லாகிப்போன மரம் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் மரம், தொட்டால் கல். அந்த மாதிரி நான் ஒரு செட் வாங்கி தம்பி வண்டியில் மாட்டியிருக்கிறேன்.

அது ஏன் அவ்வளவு மலிவாக வந்தது என்பதும் அப்புறம்தான் விளங்கியது. 2020 ஜூன் மாதம் மத்திய அரசு டயர் இறக்குமதியைத் தாராளப் பட்டியலில் இருந்து எடுத்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டுவிட்டது. அதற்கு அப்புறம் லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டு டயர் கொண்டுவர முடியாது. ஆக, 2023-ல் ஒரு கடையில் வாயில் நுழையாத பெயரோடு ஒரு டயர் மலிவாகக் கிடக்கிறதென்றால், அது அநேகமாக அதற்கு முன்னாலேயே வந்து, மூலையில் தூங்கிய சரக்கு. கொஞ்சம் யோசித்திருந்தால் எவனுக்கும் தெரிந்திருக்கும். யோசிக்காமல் கணக்குப் போட்டவன் நான்.

வெளிநாட்டு டயர் என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. அந்த டயர் அது பிறந்த வருஷத்திலேயே ஓடியிருந்தால் நன்றாகவே ஓடியிருக்கலாம். ஆனால், வெடித்த டயரைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது? பெயரையே படிக்கத் தெரியாதபோது அட்ரஸை எங்கே தேடுவது? இந்த வாட்டி டயர் நம் நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும், செய்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஏதாவது ஆனால் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போடும் தூரத்தில் ஒரு ஆபீஸ் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இதில் என்ன கஷ்டம் என்று நானும் நினைத்தேன். டயருக்கு நடுவில்தானே சார் நாம் குடியிருக்கிறோம்! விழுப்புரத்திலிருந்து கூப்பிடு தூரம், புதுச்சேரி நெட்டப்பாக்கம் பக்கத்தில் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை. அரக்கோணத்தில் ஒன்று, பெரம்பலூர் பக்கம் ஒன்று. ஒரகடத்தில் அப்போலோ. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே.யும் சியட்டும். தேர்வாய்க் கண்டிகையில் மிஷலின். மதுரையில் டி.வி.எஸ். குடும்பத்துக் கம்பெனி. பக்கத்து வீட்டுக்காரர், "ஏரிப்பாக்கத்துக்கே போயி கேட்டாண்ட நின்னு நாலு வாங்கியாந்துடுங்களேன்" என்று யோசனை சொன்னார். பால் பண்ணை வாசலில் தூக்குச் சட்டியோடு நிற்கிற மாதிரி நினைத்துவிட்டார்.

எம்.ஆர்.எஃப். என்றதும் ஒரு சின்ன டூர். கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் ஒரு ஷெட் போட்டு, பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் அது. 1952-ல் டயருக்கு மேல் ஒட்டுகிற ட்ரெட் ரப்பர். 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு கம்பெனி கூட்டோடு டயர். 1967-ல் அந்த அமெரிக்காவுக்கே ஏற்றுமதி. டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிற தடியன் 1964-ல் வந்தான். என் வயசுக்காரர்களுக்கு அந்த மூன்றெழுத்து டயரில் பதியவில்லை, டெண்டுல்கர் பேட்டில் பதிந்தது. எங்கள் தெருவில் கட்டை பேட்டில்கூட ஸ்கெட்ச் பேனாவால் எம்.ஆர்.எஃப். என்று எழுதி வைத்திருப்போம், ரன்தான் வராது. 2023 ஜூனில் அந்தக் கம்பெனியின் ஒரே ஒரு ஷேர் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. ஒரு ஷேரை விற்றால் நாலு தோஸ்துக்கு டயர் மாட்டலாம். இதைத் தம்பியிடம் சொன்னேன். "அப்ப அன்னிக்கே எனக்கு டயர் வாங்கச் சொல்லாம ஷேர் வாங்கச் சொல்லியிருக்கலாமே" என்றான். விபத்துக்கு அப்புறம் அவன் என்னிடம் பேசிய முதல் கிண்டல். சந்தோஷமாக இருந்தது.

விழுப்புரத்தில் ஆரம்பித்தேன். சைஸ் 185 ஆர் 14 எல்.டி. சேட்டன் பாடம் எடுத்திருந்தார். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல். 14, ரிம்மின் குறுக்களவு அங்குலத்தில். எல்.டி. என்றால் லைட் டிரக், அதாவது நம்ம கேஸ். எட்டு ப்ளை இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். இதையெல்லாம் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன், பரீட்சைக்குப் போகிற மாதிரி.

கிழக்குப் பாண்டி ரோட்டில் முதல் கடை. "185-ல பதினாலு தானே சார்? இந்தாங்க" என்று ஒரு டயரை உருட்டிவிட்டான் பையன். விலையும் குறைச்சல். பளபளவென்று இருந்தது. நம் ஊர்க் கம்பெனி. தேதியும் புதுசு. கிட்டத்தட்ட வாங்கியிருப்பேன். உள்ளங்கையைப் பார்த்தேன். எல்.டி. எங்கே? இல்லை. அது கார் டயர். பக்கவாட்டில் 88 என்று ஒரு நம்பர். லோடு இண்டெக்ஸ் என்பார்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். நமக்கு வேண்டியது 102. அது 850 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 290 கிலோ வித்தியாசம். மறுபடியும் ஒரு ஆயிரம் ரூபாய் லாபம் என்று அதை வாங்கிப் போட்டிருந்தால்... வேண்டாம், காலையில் எழுந்து அதை நினைத்தால் இன்னும் காப்பி கசக்கிறது.

மாம்பழப்பட்டு ரோட்டில் இரண்டாவது கடை. எல்லாம் பொருத்தம். எல்.டி. உண்டு, எட்டு ப்ளை உண்டு, முத்திரை உண்டு. குனிந்து முட்டையைத் தேடினேன். 3521.

"இது 2021 ஆச்சே சார். நாலு வருஷம் ஆவுதே."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டயர் என்ன தயிரா சார், புளிச்சுப் போறதுக்கு? முடியக்கூட இன்னும் உதிரல பாருங்க!"

புது டயரில் மயிர் மயிராக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதைச் சொல்கிறார். ஓடாத டயருக்கு முடி எப்படி உதிரும்? ஆனால் தயிர் டயலாக் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்காகவே அந்த மனுஷரிடம் நாலு டயர் வாங்கலாம் போலிருந்தது. அம்மாவின் மாவுக்கட்டு ஞாபகம் வந்ததால் நகர்ந்தேன்.

மூன்றாவது இடம் கடை என்று சொல்ல முடியாது. ஒரு சாய்ப்பு. பழைய டயரில் கத்தியால் புதுசாக வரி கீறி, கறுப்புச் சாயம் பூசி வைத்திருந்தார்கள். தாத்தாவுக்கு டை அடித்து மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார வைத்த மாதிரி. "பாதி விலை சார், ஆறு மாசம் ஓடும்" என்றான். ஆறு மாசத்துக்கு அப்புறம் என்று கேட்டதற்கு வானத்தைக் காட்டினான். பகவானையா, அங்கே போக வேண்டிய என்னையா என்று புரியவில்லை. (ஒழுங்காகச் செய்த ரீட்ரேடு வேறு சமாசாரம். லாரிகளும் பஸ்களும் அதில்தான் ஓடுகின்றன. அரசு போக்குவரத்துக் கழகங்களே தங்கள் டயருக்கு ரீட்ரேடு செய்துகொள்கின்றன. கத்தியால் கீறுவது அந்த ஜாதியில் சேர்த்தி இல்லை.)

நாலாவது கடையில் இரண்டே டயர் இருந்தன. "மீதி ரெண்டு வேற கம்பெனி போட்டுக்குங்க சார், ரோட்டுக்கென்ன தெரியவா போவுது?"

இரண்டு சாயந்திரங்கள் போயின. மனைவி, "கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனப்ப பத்து நிமிஷத்துல போதும்னு கடிகாரத்தக் காட்டின ஆளுதானே நீங்க?" என்றாள். குறித்து வைத்திருக்கிறாள் பாருங்கள்.

இதற்கு நடுவில் சேட்டனோடு ஒரு விவாதம். நம் நாட்டு டயர்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக அலைவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. "ரப்பர் எங்கேன்னு சாருக்குத் தெரியுமோ? எங்க நாட்டு ரப்பர் போதாம தாய்லாந்திலேந்தெல்லாம் வருது. அப்ப அது எந்த நாட்டு டயர்?" என்றார். யோசித்தால் சரிதான். சியட் கம்பெனி 1924-ல் இத்தாலியில் டூரின் நகரத்தில் பிறந்தது. அந்தப் பெயரின் கடைசி எழுத்தே அந்த ஊரின் முதலெழுத்துத்தான். இன்றைக்கு அது முழுக்க இந்தியக் கம்பெனி. மிஷலின் பிரெஞ்சுக் கம்பெனி, டயர் செய்வது திருவள்ளூர் மாவட்டத்தில். என் தாத்தா வைத்திருந்த மாட்டுவண்டியை ஊரில் 'டயர் வண்டி' என்பார்கள். மரச் சக்கரம் போய் ரப்பர் சக்கரம் வந்ததில் தெருவில் பெரிய கௌரவம். டன்லப் என்கிற பெயரை ஏதோ நம்ம பக்கத்துக் குலதெய்வம் மாதிரி உச்சரிப்பார். அந்த டன்லப், பெல்ஃபாஸ்ட்டில் இருந்த ஒரு மாட்டு டாக்டர். 1888-ல் தன் பையனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்தவர். மாட்டு டாக்டர் கண்டுபிடித்தது கடைசியில் மாட்டுக்கே வந்து சேர்ந்தது! ஆகவே, நாடு எது என்பதில் நான் பிடிவாதத்தைத் தளர்த்திக்கொண்டேன். நம் ஊரில் செய்திருக்க வேண்டும், சமீபத்தில் செய்திருக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். போதும்.

"திண்டிவனம் போய் நோக்கு சாரே" என்றார் சேட்டன்.

விழுப்புரத்துக்காரனுக்குத் திண்டிவனம் என்றால் சென்னை பஸ் ஐந்து நிமிஷம் நிற்கிற ஊர். மற்றபடி இறங்கிப் பார்த்தது கிடையாது. புளியங்காடாக இருந்த ஊர் என்று பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். நான் போனபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. செஞ்சி ரோட்டில் ஒரு சின்ன டயர் கடை. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிய பெரியவர் ஒருவர், மேஜையில் கணக்கு நோட்டு. சைஸைச் சொன்னேன். எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. "என்ன வண்டி? என்ன லோடு ஏத்துவாங்க? எம்மாந்தூரம்?" என்று மூன்று கேள்வி. அப்புறம் உள்ளே போய் நாலு டயரை ஒவ்வொன்றாக உருட்டி வந்து, முட்டை இருக்கும் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சுவரில் சாய்த்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே!

மூன்று டயரில் 2825. ஒன்றில் 3025.

"ஒண்ணு மட்டும் ரெண்டு வாரம் சின்னது தம்பி. பரவால்லியா?" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? மழைச் சாரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலை விஷயத்தில் பெரியவர் மசியவில்லை. 2025 செப்டம்பர் 22-ம் தேதியில் இருந்து டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்திருந்தது. வரிக்கு முன்னால் 5,000 ரூபாய் டயர் என்றால் 6,400-க்குப் பதில் 5,900. "அந்த ஐநூற நான் கொறைக்கல, கவர்மெண்ட்டு கொறச்சிச்சு. எங்கிட்ட கொறைக்கச் சொல்லாதீங்க" என்றார். நாலு புது வால்வ் மட்டும் சும்மா கொடுத்தார். பில்லில் ஒவ்வொரு டயரின் சீரியல் நம்பரையும் கையால் எழுதி, வாரண்டி அட்டையில் சீல் குத்திக் கொடுத்தார். இதுமாதிரி பில்லைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பணம் நான்தான் கட்டினேன். தம்பி வேண்டாம் என்றான். ஒன்றரை வருஷத்துக் கட்டுரைச் சன்மானம் என்று சொல்லவில்லை. இந்தக் கட்டுரைக்கு வருவது அநேகமாக வீல் அலைன்மென்ட்டுக்குச் சரியாகப் போகும்.

அங்கேயே மாட்டி, பேலன்ஸிங் பார்த்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். அம்மா ஒற்றைக் கையால் கற்பூரம் காட்டினாள். 28-வது வாரம் என்றால் ஜூலை இரண்டாவது வாரம், 30 என்றால் கடைசிக்கு முந்தின வாரம் என்று விளக்கினேன்.

"அப்ப மூணு ஆனி, ஒண்ணு ஆடி" என்றாள் அம்மா, விரல் விட்டு எண்ணி. "சித்திரையில பொறக்கல இல்ல, அது போதும்."

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்து, வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்து, அடுத்த வாரக் கட்டுரைக்கு இதையே எழுதிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா வண்டியைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள்.

"கீழ தொங்குதே, அந்தச் சக்கரத்துல என்னா எழுதியிருக்குது?"

ஸ்டெப்னி!

நாலு, நாலு என்று கணக்குப் போட்ட பி.காம்., வண்டிக்கு ஐந்து சக்கரம் என்பதை இரண்டாவது தடவையும் மறந்திருக்கிறான். கழற்றிய மூன்றில் பார்க்க நன்றாக இருந்த ஒன்றைத் தம்பி ஸ்டெப்னியாகக் கீழே தொங்கவிட்டிருந்தான். செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். 0818. வெடித்ததன் கூடப் பிறந்தது.

"அவசரத்துக்குத்தானேம்மா அது. டவுன் வரைக்கும் தாங்குனா போதும்" என்றான் தம்பி.

"அன்னிக்கும் நாம அவசரத்துலதானேடா போனோம்" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். அடுத்த நாள் தம்பிக்கு நெல் லோடு. ஆகவே காலையில் நான்தான் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். பெரியவர் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் உள்ளே போய் ஒரு டயரை உருட்டி வந்தார். "அஞ்சாவதுக்கு வருவீங்கன்னு தெரியும். அதான் எடுத்து வெச்சேன்" என்றார். 3025. அதுவும் ஆடி.

டயரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். தூக்கிக்கொண்டு என்பது பொய். கொஞ்ச தூரம் தூக்கினேன். அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், ஆறாம் கிளாஸில் சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டிக்கொண்டு ஓடினது போல உருட்டிக்கொண்டே போய்விட்டேன். ஒரு ஸ்கூல் பையன் மட்டும் பார்த்தான். பொறாமையோடுதான் பார்த்தான்.

விழுப்புரம் பஸ்ஸில் கடைசி சீட்டில் இடம். டயரை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது டிரைவரைப் பார்க்கப் புறப்பட்டது. கண்டக்டர் வந்தார். டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பஸ்ஸுக்கே ஸ்டெப்னி எடுத்தாந்துட்டீங்களா சார்? லக்கேஜ் போடணும்."

"போடுங்க."

மிஷினில் தட்டி இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், எனக்கொன்று, டயருக்கொன்று. வாங்கியதும் நான் தொகையைப் பார்க்கவில்லை. முதலில் தேதியைத்தான் பார்த்தேன்.